பெரிய வெள்ளி: மன்னிப்பது என்றால் பொறுத்துப் போவதா? தோட்டத்துக் கடன் கணக்கு வழியாக ஒரு விளக்கம்

‘போனது போகட்டும், பொறுத்துக்கோ.’

வீட்டில் அடிதடி, அண்ணன் தம்பிக்குள் நிலத் தகராறு, வேலையிடத்தில் ஏமாற்று என்று எது நடந்தாலும் நம் பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் கூடவே இன்னொன்றும் வரும்: ‘ஆண்டவரே சிலுவையில மன்னிச்சாரு, நீ மன்னிக்க மாட்டியா?’

கேட்பவருக்குப் பதில் சொல்ல வாய் வராது. ஆண்டவரையே சாட்சிக்கு இழுத்த பிறகு என்ன சொல்வது?

பெரிய வெள்ளி நெருங்கும்போது இயேசுவின் தியாகம், மன்னிப்பு என்ற இரண்டு சொற்களும் அடிக்கடி காதில் விழும். கிறிஸ்தவ நம்பிக்கையில் இவற்றுக்கு உண்மையில் என்ன பொருள்? அந்தத் தியாகத்துக்கு நம்புகிறவர் எப்படிப் பதில் தர வேண்டும்? மன்னித்துவிட்டால் போலீசுக்குப் போகக் கூடாதா? மலாக்காவின் தோட்டப்புறத் தமிழர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். அதன் பெயர் கடன்.

மலாக்காவில் பெரிய வெள்ளி

சபா, சரவாக் மாநிலங்களில் பெரிய வெள்ளி பொது விடுமுறை. தீபகற்ப மலேசியாவில் அப்படி இல்லை. அதனால் மலாக்காவில் உள்ள கிறிஸ்தவர்கள் அன்று விடுப்பு எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஷிப்டை மாற்றிக்கொண்டு ஆராதனைக்குப் போக வேண்டும்.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய மக்களில் 9.1 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். 2010ஆம் ஆண்டுக் கணக்கில், இந்திய வம்சாவளியினரில் ஏறக்குறைய 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். இவர்கள் எல்லாரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. கத்தோலிக்கர், மெதடிஸ்டு, லூத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே என்று பல பிரிவுகள் இருக்கின்றன. சொற்களும் மாறும். கத்தோலிக்கர் ‘தவக்காலம்’ என்பதை மற்ற சபையினர் ‘லெந்து காலம்’ என்பார்கள். ‘புனித வெள்ளி’, ‘பெரிய வெள்ளி’ இரண்டும் ஒரே நாள்தான்.

அன்று என்ன செய்வார்கள்? கத்தோலிக்கர் 14 நிலைகள் கொண்ட சிலுவைப் பாதையைத் தியானிப்பார்கள். மற்றத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரசங்கம் செய்வார்கள். அந்த ஏழில் முதலாவதாகச் சொல்லப்படுவதே மன்னிப்பைப் பற்றியது. தன்னை ஆணி அடித்துத் தொங்கவிட்டவர்களை மன்னிக்கும்படி இயேசு தன் தந்தையிடம் கேட்டதாக லூக்கா எழுதிய நற்செய்தி சொல்கிறது.

மலாக்கா நகரில் இந்த நாளில் அதிகம் பேசப்படும் இடம் செயின்ட் பீட்டர் தேவாலயம். 1710ஆம் ஆண்டு கட்டப்பட்டது. இன்றும் வழிபாடு நடக்கும் கத்தோலிக்கத் தேவாலயங்களில் மலேசியாவிலேயே மிகப் பழையது. இறந்த இயேசுவின் சொரூபத்தைச் சுமந்து, மெழுகுவத்தி ஏந்தி மக்கள் போகும் பெரிய வெள்ளிப் பவனிக்கு இது பேர்போனது.

இந்தத் தேவாலயத்தின் கதையிலேயே நம் தலைப்புக்கு ஒரு பாடம் உண்டு. 1641இல் டச்சுக்காரர்கள் போர்த்துகீசியரிடமிருந்து மலாக்காவைப் பிடித்தார்கள். டச்சுக்காரர்கள் புரொட்டஸ்டன்டுகள். கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபடக் கூடாது என்று தடை போட்டார்கள். பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கெடுபிடி தளர்ந்தது. அப்போது கத்தோலிக்கருக்குக் கோயில் கட்ட நிலம் கொடுத்தவரும் ஒரு டச்சுக்காரர்தான்.

தியாகம் என்றால் என்ன? பலியும் அதுவும் ஒன்றா?

நம் ஊரில் பலி என்றதும் கோயில் வாசலில் வெட்டப்படும் ஆடும் சேவலும் நினைவுக்கு வரும். இயேசு வாழ்ந்த யூத சமுதாயத்திலும் எருசலேம் ஆலயத்தில் ஆடு, மாடு, புறா பலியிடும் வழக்கம் இருந்தது. மனிதன் செய்த குற்றத்துக்காக மனிதன் கடவுளுக்கு ஒன்றைக் கொடுக்கிறான். இதுதான் அங்கே அடிப்படை.

கிறிஸ்தவர்களின் நம்பிக்கையில் இது தலைகீழாகிறது. கொடுப்பவர் கடவுள், பெற்றுக்கொள்பவன் மனிதன். கடவுளே தன் மகனில் வந்து தன்னைக் கொடுத்தார், அது ஒரே முறை நடந்தது, அதற்குப் பிறகு இரத்தப் பலி தேவையில்லை என்கிறார்கள்.

ஒருவர் சிலுவையில் செத்தது எனக்கு எப்படி மீட்பாகும்? இந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ அறிஞர்களே ஒரே பதிலைத் தரவில்லை. மனிதன் கட்ட முடியாத கடனை அவர் கட்டினார் என்பது ஒரு விளக்கம். 11ஆம் நூற்றாண்டின் கடைசியில் அன்செல்ம் என்ற பேராயர் இதை விரிவாக எழுதினார். தீமையையும் சாவையும் அவர் வென்றார் என்பது இன்னொரு விளக்கம். அன்பு எவ்வளவு தூரம் போகும் என்று காட்டினார், அதைப் பார்ப்பவன் மனம் மாறுகிறான் என்பது மூன்றாவது.

மூன்றிலும் பொதுவாக ஒன்று இருக்கிறது. இயேசு தானாக முன்வந்து தன்னைக் கொடுத்தார். யாரும் அவரிடமிருந்து பிடுங்கவில்லை என்று யோவான் நற்செய்தி அழுத்திச் சொல்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மன்னிப்பை ஏன் கடன் என்று சொல்கிறார்கள்?

இயேசு சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகச் சொல்லப்படும் ஜெபம் ஒன்று உண்டு. பரமண்டல ஜெபம் என்பார்கள். எல்லாச் சபைகளும் சொல்வது. கத்தோலிக்கர் தமிழில் சொல்லும்போது மன்னிப்புக் கேட்கும் இடத்தில் ‘குற்றம்’ என்ற சொல் வரும். புரொட்டஸ்டன்டு சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே இடத்தில் ‘கடன்’ என்றே இருக்கும். மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும் அது கடன்தான்.

‘மீட்பு’ என்ற சொல்லைப் பாருங்கள். அடகுக்கடையில் வைத்த தாலிக்கொடியை என்ன செய்கிறோம்? மீட்கிறோம். இயேசுவை ‘மீட்பர்’ என்று தமிழில் சொல்லும்போதும் அதே சொல்தான் வருகிறது. பொருள் நம்முடையதாக இருந்தாலும் இருப்பது வேறொருவர் கையில். யாரோ ஒருவர் பணம் கட்டினால்தான் அது வீடு திரும்பும்.

தோட்டத் தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1896இல் டான் சாய் யான் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டம் அதுதான். பிறகு புக்கிட் அசஹானில் இன்னும் பெரிய அளவில் ரப்பர் வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ரப்பர் பெருகப் பெருக, பால்வெட்ட ஆள் தேவைப்பட்டது. தோட்டங்கள் கங்காணிகளைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பின.

கங்காணி தன் சொந்த ஊருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் போவார். ஊரில் இருக்கும் கடனை அடைக்க, வழிச் செலவுக்கு என்று முன்பணம் கொடுப்பார். கப்பல் ஏறும்போதே ஆள் கடன்காரன். பெரட்டுக்கு நின்று, விடியற்காலையில் மரம் வெட்டி, சம்பள நாளில் கையில் வாங்கும் காசிலிருந்து அந்தக் கடன் கழியும். கணக்கு கங்காணி கையில். எழுதப் படிக்கத் தெரியாத மனிதனுக்கு அந்தக் கணக்கு எப்போது முடியும் என்று தெரியாது.

இலங்கையின் மலையகத் தோட்டங்களில் ‘துண்டு’ என்ற முறை இருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்று எழுதிய சீட்டு அது. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் பழைய தோட்டம் ஆளை விடும். கட்டிய பிறகு அவர் புதிய இடத்துக்குக் கடன்காரர். 1921இல்தான் இந்த முறைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. மலாயாவில் 1907ஆம் ஆண்டு ஏற்பட்ட தமிழர் குடிவரவு நிதியின் நோக்கமும் இதோடு சேர்ந்ததே. முதலாளிகளிடம் வரி வாங்கி, தொழிலாளியின் பயணச் செலவை அந்த நிதியே ஏற்றது. ஆள் கடனில்லாமல் கரை இறங்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள்.

இன்று கங்காணி இல்லை. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் பழைய ரப்பர் காடுகள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆனால் ‘ஆலோங்’ என்ற வட்டி முதலை வாசல் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றினால் ஒரு குடும்பம் எப்படிக் கூனிக் குறுகும் என்பது நமக்குத் தெரியும். கிறிஸ்தவம் பாவத்தை விளக்க எடுத்துக்கொண்ட படம் இதுதான். தன்னால் கட்ட முடியாத கணக்கு, அதனால் நிமிர முடியாத தலை.

390 கோடி: இயேசு சொன்ன கணக்கு

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. ஓர் அரசனிடம் ஒரு வேலைக்காரன் 10,000 தாலந்து கடன்பட்டிருந்தான். கட்ட வழியில்லை, காலில் விழுந்தான். அரசன் மனமிரங்கி முழுக் கடனையும் தள்ளிவிட்டான். வெளியே வந்த அவன், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டிய சக வேலைக்காரனைப் பார்த்தான். கழுத்தைப் பிடித்து நெரித்துச் சிறையில் போட்டான். சேதி அரசன் காதுக்குப் போனது. தள்ளிய கடன் திரும்ப அவன் தலையில் ஏறியது.

அக்காலத்தில் ஒரு தெனாரியம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து சுமார் 6,000 தெனாரியம். இதை நம் கணக்குக்கு மாற்றிப் பார்ப்போம். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தை 26 வேலை நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட் வரும்.

சக வேலைக்காரன் தர வேண்டியது: 100 நாள் கூலி, அதாவது 6,500 ரிங்கிட்.

அரசன் தள்ளிய கடன்: 6 கோடி நாள் கூலி, அதாவது 390 கோடி ரிங்கிட்.

இந்த இரண்டு எண்களையும் நன்றாகப் பாருங்கள். பெரியது ஏன் பெரியது என்பது புரிகிறது, யாராலும் கட்ட முடியாது. ஆனால் சிறியதும் சும்மா இல்லை. ஒரு கூலித் தொழிலாளிக்கு 6,500 ரிங்கிட் பெரிய பணம். உனக்கு நடந்த அநியாயம் ஒன்றுமே இல்லை என்று இந்தக் கதை சொல்லவில்லை. அதற்கும் ஒரு தொகை போட்டிருக்கிறது.

தியாகத்துக்குக் கைமாறு எப்படிச் செய்வது?

நமக்கு நேர்த்திக்கடன் தெரியும். பிள்ளைக்கு உடம்பு சரியானால் காவடி எடுக்கிறேன், வேளாங்கண்ணிக்கு நடந்து வருகிறேன் என்று வேண்டிக்கொள்வோம். வேண்டியது நடந்தால் சொன்னதைச் செய்துவிடுவோம். கணக்கு நேர்.

சிலுவைத் தியாகத்தை இப்படி நேர் செய்ய முடியாது என்பது கிறிஸ்தவப் போதனை. 390 கோடியைத் தவணையில் கட்ட முடியுமா? நோன்பு, தவம், காணிக்கை எல்லாம் நன்றியின் அடையாளம், கடனுக்கான தவணை இல்லை என்று போதகர்கள் விளக்குகிறார்கள்.

அப்படியானால் நம்புகிறவர் என்னதான் செய்ய வேண்டும்? மூன்று விஷயங்களை எல்லாச் சபைகளும் சொல்கின்றன.

முதலாவது, மனந்திரும்புதல். அழுது புலம்புவதோடு இது முடியாது. போகிற வழியைத் திருப்பிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கெடுத்ததைச் சரிசெய்தல். லூக்கா நற்செய்தியில் சகேயு என்ற வரி வசூலிப்பவர் வருகிறார். மக்களிடம் அதிகமாகப் பிடுங்கிப் பணக்காரரானவர். இயேசு அவர் வீட்டுக்குப் போகிறார். சகேயு எழுந்து நின்று, தன் சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். கத்தோலிக்கரின் பாவசங்கீர்த்தனத்திலும் இதுவே விதி. திருடியவர் குருவிடம் சொல்லிவிட்டு, திருடிய பொருளை வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியாது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, பெற்ற மன்னிப்பைப் பிறருக்குக் கொடுத்தல். கடனைத் தள்ளியவருக்குத் திருப்பிக் கட்ட முடியாது. அதனால் உங்களுக்குக் கடன்பட்டவர் மேல் அதைக் காட்டுங்கள் என்பதுதான் அந்தக் கதையின் சாரம்.

இந்த மூன்றாவதில்தான் சிக்கல் வருகிறது.

மன்னித்தால் தண்டனை வேண்டாமா?

1999 ஜனவரியில் இந்தியாவின் ஒடிசா மாநிலம் மனோகர்பூரில், தொழுநோயாளிகளுக்குச் சேவை செய்துவந்த ஆஸ்திரேலியர் கிரகாம் ஸ்டெயின்ஸ், வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார். அவருடைய மகன்கள் பிலிப்புக்கு வயது 10, திமோத்திக்கு 6. அவர்களும் அதே வண்டியில் இறந்தார்கள்.

கணவனையும் இரண்டு பிள்ளைகளையும் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொலையாளிகளை மன்னித்துவிட்டதாகச் சொன்னார். ஆனால் அவர் இன்னொன்றையும் தெளிவாகச் சொன்னார். மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு, இரண்டையும் குழப்பக் கூடாது. வழக்கு நடந்தது. முக்கியக் குற்றவாளி தாரா சிங்குக்கு 2003இல் மரண தண்டனை, 2005இல் உயர் நீதிமன்றத்தில் அது ஆயுள் தண்டனையாகக் குறைந்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் ஆயுளை உறுதி செய்தது. கிளாடிஸ் உடனே ஊரைவிட்டுப் போகவில்லை. பல ஆண்டுகள் தங்கி அதே தொழுநோயாளிகளைக் கவனித்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

இது இன்று வந்த புதுக் கருத்து இல்லை. மலாக்காவிலேயே பழைய உதாரணம் உண்டு. முத்துக்குளித்துறையில் தமிழ் மீனவர்களிடையே பணியாற்றிவிட்டு 1545இல் மலாக்கா வந்தவர் பிரான்சிஸ் சேவியர். நாம் சவேரியார் என்கிறோம். 1552இல் அவர் சீனாவுக்குப் போகத் திட்டமிட்டிருந்த தூதுக்குழுவை மலாக்காவின் கடற்படைத் தலைவர் தடுத்தார். அவர் வாஸ்கோட காமாவின் மகன். சவேரியார் ‘போனது போகட்டும்’ என்று விடவில்லை. சபைநீக்கம் என்ற கடுமையான தண்டனையைப் பிரகடனப்படுத்த வைத்தார். அதே ஆண்டு சீனக் கரைக்கு அருகே இறந்தார். மறு ஆண்டு அவருடைய உடல் மலாக்கா குன்றின் மேல் உள்ள செயின்ட் பால் தேவாலயத்தில் சில மாதங்கள் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. பிறகு கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். இன்று புனிதராக வணங்கப்படுபவரே, தவறைத் தவறு என்று சொல்லத் தயங்கவில்லை.

கொன்றவன் கையில் கட்டிய ராக்கி

கடனும் மன்னிப்பும் நேராகவே சந்தித்த ஒரு நிகழ்ச்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது.

கேரளத்தைச் சேர்ந்த கன்னியாஸ்திரி ராணி மரியா, அங்குள்ள பழங்குடி மக்களிடையே வேலை செய்தார். வட்டிக்காரர்களிடம் தலைமுறை தலைமுறையாகச் சிக்கியிருந்தவர்களைச் சேமிப்புக் குழுக்களாகச் சேர்த்து, சட்ட உரிமைகளைச் சொல்லிக் கொடுத்தார். வட்டிக்குக் கொடுத்தவர்களுக்கு ஆத்திரம். 1995 பிப்ரவரி 25ஆம் தேதி அவர் பயணம் செய்த பேருந்திலேயே, சமுந்தர் சிங் என்ற இளைஞர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். உடலில் 50க்கும் மேற்பட்ட காயங்கள்.

சிங்குக்கு ஆயுள் தண்டனை. 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால், அவரும் கன்னியாஸ்திரிதான், சிறைக்குப் போய் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். ராக்கி கட்டினால் அண்ணன் என்று அர்த்தம். பிறகு தாயாரும் வந்து பார்த்தார். அவர் விடுதலைக்குக் குடும்பமே மனு கொடுத்தது. 2006இல் சிங் வெளியே வந்தார். 2017 நவம்பர் 4ஆம் தேதி இந்தூரில் ராணி மரியாவுக்கு ‘அருளாளர்’ பட்டம் வழங்கப்பட்டபோது, கூட்டத்தில் சிங்கும் இருந்தார்.

இந்த நிகழ்ச்சியைப் பலர் மேடையில் சொல்வார்கள். ஆனால் வரிசையைக் கவனிக்காமல் சொல்வார்கள். குற்றம் வெளிச்சத்துக்கு வந்தது, நீதிமன்றம் தீர்ப்பளித்தது, சிறையில் ஆண்டுகள் கழிந்தன, குற்றவாளி மனம் வருந்தினார். அதற்குப் பிறகுதான் ராக்கி, அதற்கும் பிறகுதான் விடுதலை. யாரும் அந்தக் குடும்பத்தைக் கட்டாயப்படுத்தவும் இல்லை.

‘பொறுத்துக்கோ’ என்ற சொல்லில் என்ன பிரச்சினை?

தமிழில் ‘பொறுத்தல்’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மன்னிப்பது. பழைய கத்தோலிக்க ஜெபங்களில் கடவுளிடம் கேட்பது ‘பொறுத்தருளும்’ என்றுதான். மற்றொன்று, சகித்துக்கொள்வது. வெயிலைப் பொறுப்போம், பல்வலியைப் பொறுப்போம். வள்ளுவரும் ‘பொறையுடைமை’ என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

இந்த இரண்டும் ஒரே சொல்லில் இருப்பதால், மன்னிப்பைக் கேட்கிற இடத்தில் சகிப்பைத் திணிப்பது சுலபமாகிவிடுகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனிடம் திரும்பிப் போகச் சொல்லும்போது, ‘பொறுத்துக்கோம்மா, சிலுவை சுமக்கணும்’ என்பார்கள். அங்கே கேட்கப்படுவது மன்னிப்பு இல்லை. அடுத்த அடியையும் வாங்கிக்கொள் என்பதுதான்.

கதைக்குத் திரும்புங்கள். அரசன் கடனைத் தள்ளுவதற்கு முன்னால் என்ன செய்தான்? கணக்குப் பார்த்தான். எவ்வளவு என்று சொல்லாமல் கடனைத் தள்ள முடியாது. அதே 18ஆம் அதிகாரத்தில், இந்தக் கதைக்குச் சற்று முன்னால், இயேசு ஒரு நடைமுறையையும் சொல்கிறார். ஒருவர் உனக்குத் தீங்கு செய்தால் முதலில் அவரிடமே போய்க் குற்றத்தை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் இரண்டொரு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போ. அப்போதும் கேட்காவிட்டால் சபையில் சொல். ‘வாயை மூடிக்கொள்’ என்று அந்த வரிசையில் எங்கும் இல்லை.

முன்பு நினைவில் வைக்கச் சொன்னதையும் இங்கே சேர்த்துப் பாருங்கள். தியாகம் என்பது தானாகக் கொடுப்பது. பிடுங்கப்பட்டது தியாகம் ஆகாது.

1942–43இல் ஜப்பானியர் போட்ட சியாம்–பர்மா ரயில்பாதைக்கு மலாயாவின் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை. நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல்கூட இல்லை. அவர்கள் ‘தியாகம்’ செய்தார்கள் என்று நாம் மரியாதையாகச் சொல்வதுண்டு. உண்மையில் அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அதைக் குற்றம் என்று சொல்வதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை. கணக்கில் எழுதப்படாத கடனை யார் போய் மன்னிப்பது?

மன்னிப்பு வேறு, ஒப்புரவு வேறு

ஆலோசனை வழங்கும் போதகர்களும் குருக்களும் இரண்டு சொற்களைப் பிரித்துக் காட்டுவார்கள்.

மன்னிப்பு ஒருவர் மட்டும் செய்யக்கூடியது. பழிவாங்கும் உரிமையை அவர் கைவிடுகிறார். எதிராளி செத்துப்போயிருந்தாலும், வருத்தமே படாவிட்டாலும் இது முடியும். காலம் எடுக்கலாம். இன்று மன்னித்தது நாளை மறுபடி கசக்கலாம். எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்டபோது இயேசு சொன்ன எழுபது ஏழு என்ற கணக்கை, ஒரே காயத்தைத் திரும்பத் திரும்ப மன்னிக்க வேண்டியிருப்பதாகவும் சிலர் விளக்குவார்கள்.

ஒப்புரவு என்பது உறவு மீண்டும் சேர்வது. அதற்கு இரண்டு பேர் வேண்டும். தவறு செய்தவர் அதை ஒப்புக்கொண்டு, நிறுத்தி, முடிந்ததைச் சரிசெய்ய வேண்டும். நம்பிக்கை மெல்ல மெல்லத்தான் திரும்பும். சில இடங்களில் திரும்பாமலே போகலாம்.

மன்னித்துவிட்ட ஒருவர் தனி வீட்டில் இருக்கலாம். போலீசில் புகார் கொடுக்கலாம். பிடுங்கிய சம்பளத்தைத் தொழிலாளர் இலாகா மூலம் கேட்கலாம். இவற்றால் அவருடைய மன்னிப்பு பொய்யாகிவிடாது.

நீங்கள் என்ன செய்யலாம்?

யாராவது உங்களை ‘மன்னித்துவிடு’ என்று வற்புறுத்தினால், அல்லது நீங்களே யாருக்காவது அப்படிச் சொல்லப் போனால், முதலில் இந்த நான்கைக் கேட்டுப் பாருங்கள்.

1. என்ன நடந்தது என்று வெளிப்படையாகச் சொல்லப்பட்டுவிட்டதா? அல்லது மூடி மறைக்கத்தான் மன்னிப்பு கேட்கப்படுகிறதா?

2. தீங்கு நின்றுவிட்டதா? இன்னும் தொடர்கிறது என்றால் முதல் வேலை பாதுகாப்பு. மன்னிப்பைப் பிறகு பார்க்கலாம்.

3. தவறு செய்தவர் சகேயு மாதிரி எதையாவது திருப்பித் தருகிறாரா?

4. முடிவு பாதிக்கப்பட்டவருடையதா, சுற்றி நிற்பவர்களுடையதா?

வீட்டில் அடி உதை என்றால், மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. உடல் காயம் மட்டுமல்ல, மிரட்டலும் மனரீதியான துன்புறுத்தலும் அதில் அடங்கும். 2017இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சமூகநலத் துறை அதிகாரியே 7 நாளுக்கான அவசரப் பாதுகாப்பு ஆணையைத் தர முடியும். தாலியான் காசே எண் 15999. 24 மணி நேரமும் அழைக்கலாம்.

பெரிய வெள்ளி ஆராதனையில் இந்த ஆண்டும் அந்த முதல் வார்த்தை வாசிக்கப்படும். அதில் இயேசு, தன்னை வதைத்தவர்கள் செய்தது சரி என்று சொல்லவில்லை. தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களுக்குத் தெரியவில்லை என்கிறார், அவர்களுக்கு மன்னிப்புத் தேவை என்கிறார். தவறே செய்யாதவருக்கு யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள்.